மலைல வாடகை வீடு: வாடகை ஏத்த எது எல்லை, எந்த வரிசைல என்ன செய்யணும்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்னு வேலைக்கு மாத்தலாகி வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான். "வருஷத்துக்கு பத்து பர்சென்ட்டுக்கு மேல வாடகை ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?" அப்படி ஒரு நம்பர் சட்டத்துல இல்லைங்க. அஞ்சும் இல்ல, பத்தும் இல்ல. தமிழ்நாட்டுல இப்ப நடைமுறைல இருக்கறது 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22-லேர்ந்து அமல்ல இருக்கு. அதுபடி அக்ரிமெண்ட்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் எல்லை. எழுதலேன்னா எல்லையே இல்லாத மாதிரிதான், அப்புறம் பேசிப் பாக்கணும், இல்ல வாடகை அதிகாரிகிட்ட (இந்தச் சட்டப்படி கலெக்டர் நியமிக்கற அதிகாரி) போகணும்.

அதனால வேலை முக்கால்வாசி சாவி வாங்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரணும். கீழ இருக்கற வரிசைய மாத்தாதீங்க, ஒண்ணு விட்டாலும் அடுத்ததுல மாட்டிக்குவீங்க.

1. வீடு எந்த எல்லைக்குள்ள இருக்குன்னு பாருங்க

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். நகராட்சி, பேரூராட்சி இதுக்குள்ள இருந்தா செல்லும், கிராம ஊராட்சின்னா செல்லாது. மலைல இதுதான் பெரிய குழப்பம், ஏன்னா அட்ரஸ்ல எல்லாரும் "ஊட்டி", "கொடைக்கானல்"னு போட்டுருவாங்க, ஆனா வீடு பக்கத்து ஊராட்சில இருக்கும்.

நீலகிரில ஊட்டி, குன்னூர், கூடலூர் எல்லாம் நகராட்சி. கேத்தி, அதிகரட்டி, ஜெகதளா, உலிக்கல் இதெல்லாம் பேரூராட்சி, பாத்தா கிராமம் மாதிரி இருந்தாலும் சட்டம் செல்லும். நஞ்சநாடு, இத்தலார் பக்கம் போனா கிராம ஊராட்சி. கொடைக்கானல்ல நாயுடுபுரம், மூஞ்சிக்கல் எல்லாம் நகராட்சிக்குள்ள, அப்படியே கொஞ்சம் தள்ளி வில்பட்டி போனா ஊராட்சி.

ஓனர்கிட்ட வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்க. யாருக்கு வரி கட்டியிருக்காருன்னு மேலேயே இருக்கும். அந்த ரசீதுல யார் பேர் இருக்குன்னும் பாத்துக்கங்க, அக்ரிமெண்ட்டுல கையெழுத்து போடறவரும் அவரும் ஒண்ணான்னு. வீடு பாத்துக்கற வாட்ச்மேன் கையெழுத்து போட்டு அட்வான்ஸ் வாங்கினது எல்லாம் இங்க நடந்திருக்கு, ஏன்னா நிறைய ஓனர்கள் சென்னைலயும் பெங்களூர்லயும் இருக்காங்க. அப்படின்னா ஓனர் எழுதிக் குடுத்த பவர் பத்திரம் இருக்கணும், இல்லேன்னா ஓனர்கிட்டேயே கையெழுத்து வாங்கணும்.

ஊராட்சில இருக்கற வீடுன்னா பயப்பட வேண்டாம், அங்க 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் இருக்கு, மாச வாடகைக்கு இருக்கறவரை காலி பண்ணச் சொல்ல 15 நாள் நோட்டீஸ் குடுக்கணும். பாதுகாப்பு ரொம்பக் கம்மிங்கறதால அக்ரிமெண்ட்டை இன்னும் கெட்டியா எழுதிக்கணும்.

எஸ்டேட் லைன் வீடு, கம்பெனி குவார்ட்டர்ஸ், அரசு குவார்ட்டர்ஸ் இதுல இருக்கறவங்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. வேலையோட சேத்து குடுக்கற வீட்டுக்கு இந்தச் சட்டம் வராது.

2. அக்ரிமெண்ட் எந்த மாசம் முடியுதுன்னு கணக்கு போடுங்க

இதை யாருமே யோசிக்கறதில்ல, மலைல இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் சொல்லுவேன்.

ஸ்கூல் டீச்சர், காலேஜ் ஸ்டாஃப் எல்லாம் ஜூன் 1 குடி வருவாங்க. வழக்கம் போல 11 மாச அக்ரிமெண்ட். முடியறது எப்ப? ஏப்ரல் 30. அடுத்த நாள் மே மாசம், மலர் கண்காட்சி நடக்கற மாசம், ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல டூரிஸ்ட்காரங்க குடுக்கற நேரம். அப்ப ஓனர் என்ன வாடகை சொன்னாலும் உங்களால பேரம் பேச முடியாது, "இஷ்டம் இல்லேன்னா காலி பண்ணுங்க, நான் காட்டேஜா விட்டுக்கறேன்"னு சொல்லுவாரு. நீங்க வேற வீடு தேடப் போனாலும் அந்த ரெண்டு மாசம் ஒரு வீடும் காலி இருக்காது.

அதனால முதல் அக்ரிமெண்ட்டை ஜூன்லேர்ந்து 8 மாசத்துக்குப் போடுங்க, ஜனவரி 31 முடியும். அப்புறம் பிப்ரவரிலேர்ந்து 11 மாசம் போட்டா டிசம்பர் 31. அந்த நேரத்துல குளிர், உறைபனி, வாடகைக்கு ஆள் கம்மி, ஓனரும் நிதானமா பேசுவாரு. முடிஞ்சா ரெண்டு மூணு வருஷத்துக்கே போட்டுக்கறது இன்னும் நல்லது. ஆனா ஒரு வருஷத்துக்கு மேலன்னா சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்லயும் பதிவு பண்ணணும், ஸ்டாம்ப் செலவு வரும், அதை யார் கட்டறதுன்னு முன்னாடியே பேசிருங்க.

3. வாடகை ஏத்தற வரியை நீங்களே எழுதிக் குடுங்க

டைப்பிங் சென்டர்ல ரெடியா வெச்சிருக்கற அக்ரிமெண்ட்டுல பெரும்பாலும் "வாடகை அவ்வப்போது மார்க்கெட் நிலவரப்படி உயர்த்தப்படும்"னு ஒரு வரி இருக்கும். அதுல கையெழுத்து போட்டா எவ்வளவு வேணா ஏத்திக்கலாம்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அதை அடிச்சிட்டு இப்படிப் போடச் சொல்லுங்க:

"இந்த ஒப்பந்த காலத்தில் வாடகை உயர்த்தப்படாது. புதுப்பிக்கும்போது, அப்போது நடைமுறையில் உள்ள வாடகையில் 5 சதவீதம் மட்டுமே உயர்த்தப்படும். உயர்வு குறித்து மூன்று மாதங்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்."

5-ங்கறது பேசி முடிவு பண்றது, 7-ன்னாலும் சரி. ஆனா ஒரு நம்பர் இருக்கணும். வாடகை 8,000-ன்னு வெச்சுக்கங்க. 5 சதவீதம்னா அடுத்த மூணு தடவை 8,400, 8,820, 9,261. பத்து சதவீதம்னா 8,800, 9,680, 10,648. மூணாவது தடவைல மாசம் 1,387 ரூபா வித்தியாசம், அது ஒரு குடும்பத்துக்கு கேஸ் சிலிண்டரும் பால் காசும்.

அக்ரிமெண்ட் காலத்துக்கு நடுவுல வாடகை ஏத்தக்கூடாதுங்கறது சட்டத்தோட 9-வது பிரிவுலயே இருக்கு, எவ்வளவு ஏத்தறதுன்னோ எப்படிக் கணக்கு போடறதுன்னோ அக்ரிமெண்ட்டுல வெளிப்படையா எழுதியிருந்தா மட்டும்தான் ஏத்த முடியும். இருந்தாலும் எழுதிக்கங்க. சண்டைனு வரும்போது சட்டப் புக்கை எடுத்துக் காட்டறதை விட அவரே கையெழுத்து போட்ட வரியைக் காட்டறது சுலபம்.

கரண்ட்டும் தண்ணியும் இதே மாதிரிதான். வாடகைய ஏத்த முடியாதபோது யூனிட்டுக்கு இவ்வளவுன்னு கரண்ட்ல ஏத்துவாங்க, சீசன்ல தண்ணி லாரிக்கு தனியா கேப்பாங்க. உங்களுக்குத் தனி மீட்டர் இருக்கா, இல்ல சப் மீட்டரா, தண்ணி லாரி வந்தா யார் காசு, எல்லாத்தையும் ஒரு வரியாவது போட்டுருங்க. குடி வர்ற அன்னைக்கு மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிருங்க.

4. அட்வான்ஸ்

சட்டம் சொல்றது மூணு மாச வாடகை. 8,000 வாடகைன்னா 24,000. ஆனா "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்"ங்கற வார்த்தையும் அதே 11-வது பிரிவுல இருக்கு, அதனால பத்து மாச அட்வான்ஸ்னு நீங்க கையெழுத்து போட்டுட்டு அப்புறம் போய் சட்டம் மூணு தானேன்னு கேக்க முடியாது. பேசறது இப்பத்தான் பேசணும்.

அட்வான்ஸ் பூராவையும் பேங்க் வழியா குடுங்க. கொஞ்சம் கையில குடுத்தா அந்தத் தொகையையும் அக்ரிமெண்ட்டுல எழுதணும். "பேப்பர்ல கம்மியா போட்டுக்கலாம் சார், எதுக்கு டாக்ஸ் தொல்லை"ன்னு கேட்டா ஒத்துக்காதீங்க, பேப்பர்ல இல்லாத காசு திரும்பி வர்றதுக்கு எந்த வழியும் கிடையாது.

காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகைய கழிச்சுக்கற பழக்கம் இங்க எல்லா ஊர்லயும் இருக்கு. சட்டத்தோட அட்டவணைல வெள்ளையடிக்கறதும் கதவு ஜன்னல் பெயிண்ட்டும் ஓனர் செலவுலதான் வருது, அக்ரிமெண்ட்டுல வேற மாதிரி எழுதாத வரைக்கும். எழுதியிருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. அதே அட்டவணைல குழாய் வாஷர், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி, கீசர் ரிப்பேர் எல்லாம் வாடகைக்கு இருக்கறவர் பக்கம் வருது. கீசர் இல்லாம மலைல ஒரு நாள் ஓட்ட முடியாது, ஏற்கனவே பழசான கீசர்னா "கீசர் மாற்றும் செலவு உரிமையாளருடையது"ன்னு ஒரு வரி கேட்டு வாங்குங்க.

5. குடி போறதுக்கு முன்னாடி போட்டோ

பகல் வெளிச்சத்துல, சாமான் இறக்கறதுக்கு முன்னாடி. பீரோ வைக்கப்போற சுவர், கட்டிலோட தலைமாட்டுச் சுவர், ஷீட் கூரையும் சுவரும் சேர்ற மூலை, பாத்ரூம் சீலிங், இதைத்தான் முதல்ல எடுக்கணும். கோடைல பாக்கும்போது புதுசா பெயிண்ட் அடிச்சு பளிச்சுன்னு இருக்கும், ஆனா கையை வெச்சுத் தடவிப் பாத்தா பெயிண்ட் அங்கங்க உப்பி, விரல்ல வெள்ளையா மாவு ஒட்டும். அது போன மழைல ஓதம் ஏறின சுவர். ஜூன் ஜூலை மழை வந்ததும் அதே இடத்துல கறுப்பா பூஞ்சை படரும், துணியெல்லாம் வாடை அடிக்கும், காலி பண்ணும்போது "நீங்க ஜன்னலைத் திறக்காம வெச்சு சுவரைக் கெடுத்துட்டீங்க"ன்னு அட்வான்ஸ்ல கை வைப்பாங்க.

உப்பின இடத்தை கிட்டத்துல ஒண்ணு, ரூம் முழுக்கத் தெரியற மாதிரி ஒண்ணுன்னு எடுத்து அன்னைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. தேதி தானா பதிவாகிரும். சண்டை போடற தொனில எழுத வேணாம், "சார், குடி வரும்போது வீடு இப்படி இருந்துச்சு, உங்க தகவலுக்கு"ன்னு போட்டா போதும்.

6. பதிவு பண்ணுங்க

ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. முடியல. அக்ரிமெண்ட்டை வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், 90 நாளைக்குள்ள. 11 மாசம்தானே, பதிவு தேவையில்லையேன்னு டைப்பிங் சென்டர்லயே சொல்லுவாங்க, அது சப் ரெஜிஸ்ட்ரார் பதிவைப் பத்தின பேச்சு. வாடகை அதிகாரிகிட்ட பதிவு 11 மாசத்துக்கும் உண்டு.

பதிவு ஆன்லைன்தான். டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்-ங்கற அரசு தளத்துல போய் ரெண்டு பேரோட விவரம், அடையாள அட்டை, போட்டோ, கையெழுத்து போட்ட அக்ரிமெண்ட் ஸ்கேன் ஏத்தணும். ஓனர்தான் பண்ணணும்னு இல்ல, வாடகைக்கு இருக்கறவரும் விண்ணப்பிக்கலாம். பதிவு நம்பர் வந்ததும் அதை ஓனருக்கும் அனுப்பிருங்க.

பதிவு இல்லாத அக்ரிமெண்ட்டை சாட்சியமா எடுத்துக்க மாட்டாங்கன்னு சட்டத்துல 4-ஏ பிரிவு இருக்கு. அதாவது நீங்க மூணாவது படில கஷ்டப்பட்டு எழுதி வாங்கின 5 சதவீதம், பதிவு இல்லேன்னா வெறும் காகிதமாப் போயிரும். அதைவிட மோசம், எழுத்து மூலமா அக்ரிமெண்ட்டே போடலேங்கறதை வெச்சே காலி பண்ணச் சொல்லி கேஸ் போட சட்டத்துல இடம் இருக்கு. "நம்ம ஓனர் நல்லவரு, பேப்பர் எல்லாம் கேட்டா சங்கடப்படுவாரு"ன்னு நிறைய பேரு விட்டுடறாங்க. நல்ல ஓனரா இருக்கலாம், ஆனா அவர் காலத்துக்கு அப்புறம் அவர் பிள்ளைங்ககிட்டதான் நீங்க பேசப் போறீங்க.

7. மாசாமாசம் வாடகை

பேங்க் டிரான்ஸ்ஃபர், இல்ல ஜிபே. குறிப்புல "குன்னூர் வீடு, ஜூலை வாடகை"ன்னு எழுதுங்க. கையில குடுத்தா ரசீது வாங்குங்க, குடுக்க வேண்டியது ஓனரோட கடமை. கரண்ட் காசைத் தனியா அனுப்புங்க, ஒண்ணா சேத்து அனுப்பினா ஒரு வருஷம் கழிச்சு எது வாடகை எது கரண்ட்டுன்னு யாராலயும் பிரிக்க முடியாது.

ரெண்டு மாச வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்து ஒரு மாசத்துக்குள்ளயும் கட்டலேன்னா அது காலி பண்ணச் சொல்றதுக்கு நேரடிக் காரணம் ஆயிரும். அதனால ஓனர் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் வாடகைய நிறுத்தாதீங்க. "பைப் சரி பண்ணட்டும், அப்புறம் தர்றேன்"ங்கறதுதான் நான் பாத்ததுலயே அதிகமா ஆளுங்க மாட்டிக்கிட்ட இடம்.

இன்னொண்ணு, சீசன்ல சொந்தக்காரங்கன்னு சொல்லி டூரிஸ்ட்டுக்கு ஒரு ரூமை விட்டு காசு பாக்காதீங்க. ஓனரோட எழுத்து மூல சம்மதம் இல்லாம உள்வாடகை விட்டா அதுவும் காலி பண்றதுக்குக் காரணம்தான்.

8. வாடகை ஏத்தறேன்னு சொன்னா

பெரும்பாலும் போன்லதான் வரும், அதுவும் மார்ச் மாசத்துல. ஊட்டி காந்தல்ல குடியிருந்த ஒரு நர்ஸ் அக்காவுக்கு அப்படித்தான், "அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டாயிரம் சேத்துப் போடும்மா"ன்னு ஓனர் சொல்ல, "பாக்கறேன் சார்"னு சொல்லிட்டு, சங்கடமா இருக்கேன்னு ஆயிரம் சேத்து அனுப்பிட்டாங்க. அந்த ஒரு டிரான்ஸ்ஃபர்தான் அப்புறம் அவங்க ஒத்துக்கிட்டதுக்கு ஆதாரமா வந்து நின்னுச்சு. அதனால ஃபோன் வந்தா எந்தக் காசும் கூட்டிப் போடாதீங்க, இந்த வரிசைல போங்க.

முதல்ல அக்ரிமெண்ட்டை எடுத்து காலம் முடிஞ்சிருச்சான்னு பாருங்க. முடியலேன்னா, அதுல உயர்வும் எழுதலேன்னா, பேச்சே தேவையில்ல. பழைய வாடகையை சரியான தேதில அனுப்பிட்டு மரியாதையா ஒரு மெசேஜ் போடுங்க, "சார், நம்ம ஒப்பந்தம் டிசம்பர் 31 வரைக்கும் 8,000-ன்னு இருக்கு, அதுபடி அனுப்பியிருக்கேன். புதுப்பிக்கும்போது பேசிக்கலாம்."

அப்புறம் நோட்டீஸ். அக்ரிமெண்ட்டுல வேற மாதிரி சொல்லாத பட்சத்துல உயர்வுக்கு மூணு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் வரணும். ஃபோன் நோட்டீஸ் ஆகாது. எழுத்துல வந்துட்டா சும்மா இருக்காதீங்க, பதில் சொல்லாம அங்கேயே குடியிருந்தா ஒத்துக்கிட்டதா சட்டமே எடுத்துக்கும். உங்களுக்கு எவ்வளவு கட்டுபடியாகும், அதே தெருவுல அதே மாதிரி வீட்டுக்கு என்ன வாடகை போகுதுன்னு எழுதி ஸ்பீட் போஸ்ட்ல பதில் அனுப்புங்க, ரசீதையும் டெலிவரி ஆனதுக்கான ஆதாரத்தையும் பத்திரமா வைங்க.

பேசியும் ஒத்து வரலேன்னா வாடகை அதிகாரிகிட்ட மனு. துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியைத்தான் கலெக்டர் நியமிக்கிறாரு. நீலகிரில ஊட்டி, குன்னூர், கூடலூர்னு மூணு வருவாய் கோட்டம் இருக்கு, கொடைக்கானலுக்கு தனி கோட்டம், உங்க கோட்டத்து ஆபீஸ்ல போய்க் கேளுங்க. ரெண்டு பேருக்கும் ஒத்து வராத வாடகையை நிர்ணயிக்க அவருக்கு அதிகாரம் இருக்கு. மனுவோட அக்ரிமெண்ட், பதிவு நம்பர், பேங்க் ஸ்டேட்மெண்ட், நோட்டீஸ், உங்க பதில், இந்த அஞ்சும் சேத்துக் குடுங்க. மனு நடக்கற வரைக்கும் பழைய வாடகையைத் தவறாம கட்டணும்.

9. வாடகை வாங்க மறுத்தா, தண்ணியை நிறுத்தினா

சில பேரு வாடகையை வாங்காம இருப்பாங்க, பாக்கின்னு காட்டறதுக்கு. பேங்க்ல போட முடியலேன்னா தபால் மணி ஆர்டர்ல அனுப்புங்க. அதுவும் திரும்பி வந்தா அந்த ரசீதுகளோட வாடகை அதிகாரிகிட்ட டெபாசிட் பண்ண வழி இருக்கு. காசு கையிலயே இருக்குன்னு சும்மா வெச்சிருந்தா நீங்க கட்டலேன்னுதான் ஆகும்.

தண்ணி, கரண்ட்டை நிறுத்தறது 20-வது பிரிவுப்படி தப்பு, வாடகை பாக்கியே இருந்தாலும் அதைச் செய்ய ஓனருக்கு உரிமை இல்ல. வால்வு மூடியிருக்கறதை, ஃப்யூஸ் எடுத்திருக்கறதை வீடியோ எடுத்து அன்னைக்கே வாடகை அதிகாரிகிட்ட மனு குடுங்க, உடனே திருப்பிக் குடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவரால முடியும்.

வீட்டுக்குள்ள வர்றதுக்கும் 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். பூட்டை மாத்தறது, சாமானை வெளில எடுத்து வைக்கறது எல்லாம் யாரும் செய்யக்கூடாது. காலி பண்ண வைக்கணும்னா 21-வது பிரிவுல சொல்லியிருக்கற காரணத்தோட வாடகை நீதிமன்றத்துல உத்தரவு வாங்கணும். ஆனா காலம் முடிஞ்சு, நோட்டீஸும் வந்து, புதுப்பிக்கவும் இல்லேன்னா பிடிவாதமா உக்காராதீங்க, இரட்டிப்பு வாடகை கேக்க ஓனருக்கு உரிமை வந்துரும்.

10. காலி பண்ணும்போது

அக்ரிமெண்ட்டுல சொன்ன நோட்டீஸ் காலத்தை எழுத்துல குடுங்க. கடைசி மாசம் வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்கன்னு நீங்களா நிறுத்தாதீங்க, ஓனர் எழுத்துல ஒத்துக்கிட்டா மட்டும்.

சாமான் ஏத்தினதும் அஞ்சாவது படில எடுத்த அதே இடங்களை அதே கோணத்துல மறுபடி போட்டோ எடுங்க. கரண்ட் பில்லைக் கட்டி மீட்டர் ரீடிங் எடுங்க. சாவியைக் குடுக்கும்போது "இன்று சாவி பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வரி எழுதி வாங்குங்க, வாட்ஸ்அப்னாலும் பரவால்ல. அட்வான்ஸ் திருப்பித் தர ஒரு மாசம்தான் கெடு, அந்தக் கெடு இந்தத் தேதிலேர்ந்துதான் ஓடும். கழிக்கற ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் கேளுங்க. ஒரு மாசம் தாண்டினா ஒரு நோட்டீஸ், அதுக்கும் பதில் இல்லேன்னா பதிவு நம்பரையும் ரெண்டு செட் போட்டோவையும் எடுத்துக்கிட்டு வாடகை அதிகாரி ஆபீஸ்ல மனு குடுங்க. கீழ இறங்கி வேற ஊருக்குப் போறதா இருந்தா, மலைல இருக்கற நம்பிக்கையான ஒருத்தர் பேர்ல அதிகாரக் கடிதம் எழுதி வெச்சுட்டுப் போங்க, விசாரணைக்கு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வர முடியாமத்தான் நிறைய பேரு அந்தக் காசை அப்படியே விட்டுடறாங்க.